வண்டல் மண் வளர்த்த வங்கதேசம்

வங்கதேசத்தின் பெரும்பகுதி கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் நிலம். கிழக்கு எல்லையோரக் குன்றுகளை விட்டால் மலையும் பாறையும் அரிது. கல் கிடைக்காத இடத்தில் மக்கள் களிமண்ணை அறுத்துச் சூளையில் சுட்டார்கள். கோயில், மசூதி, பௌத்த விகாரம் எல்லாமே செங்கல்லால் எழுந்தன. அங்கே காணவேண்டிய காடும் கட்டடமும் ஒரே ஆற்று மண்ணில் பிறந்தவை.

அந்த மண்ணின் தென்கோடியில் இருப்பது சுந்தரவனம். ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரந்த இந்த அலையாத்திக் காட்டில் சுமார் 6,000 சதுர கிலோமீட்டர் வங்கதேசத்துக்குள் வருகிறது. எஞ்சியது மேற்கு வங்காளத்தில். நாளுக்கு இருமுறை கடல்நீர் ஏறி இறங்கும். நீர் வடிந்ததும் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் ஈட்டிமுனை போல நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். காற்றுப் புகாத சேற்றில் நிற்கும் சுந்தரி மரம் அவற்றின் வழியாகத்தான் சுவாசிக்கிறது. புலியைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் அதைக் காணாமலே திரும்புவார்கள். புள்ளிமான், முதலை, ஆற்று ஓங்கில்கள் கண்ணில் படும். ஏப்ரலில் தேன் எடுக்கப் போகும் மௌவாலிகள், இந்துக்களும் முஸ்லிம்களும், காட்டில் கால் வைக்கும் முன் காட்டின் காவல் தெய்வமான வனபீபியை வேண்டிக்கொள்வது வழக்கம். 2007 நவம்பரில் வந்த சிடர் புயலின் வேகத்தை முதலில் தாங்கியது இந்தக் காடுதான். அது இல்லாதிருந்தால் உட்பகுதி ஊர்களின் இழப்பு இன்னும் பெருகியிருக்கும்.

காட்டுக்கு வடக்கே பாகேர்ஹாட். 15ஆம் நூற்றாண்டில் கான் ஜகான் அலி உருவாக்கிய நகரம் இது. இங்குள்ள 'அறுபது குவிமாட மசூதி'யில் அறுபது என்பது தூண்களின் எண்ணிக்கை. கூரை மேல் இருப்பவை 77 குவிமாடங்கள். அவற்றில் நடு வரிசையில் உள்ள ஏழு மட்டும் உருண்டையாக இல்லாமல், வங்காளத்துக் குடிசைக் கூரை போல நான்கு பக்கமும் சரிந்திருக்கின்றன. தொலைவிலிருந்து வந்த கட்டடக்கலை உள்ளூர்க் குடியானவன் வீட்டுக் கூரையைத் தலையில் ஏற்றுக்கொண்டது அழகான சேதி.

வடக்கே பஹார்பூரில், பாலப் பேரரசன் தர்மபாலன் காலத்தில் எழுந்த சோமபுர மகாவிகாரத்தின் இடிபாடுகள் உள்ளன. சதுர முற்றத்தைச் சுற்றித் துறவிகளுக்கு 177 அறைகள். நடுவே சிலுவை வடிவில் பெரிய கோயில். அதன் அடிச்சுவர்களில் சுடுமண் பலகைகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. பாகேர்ஹாட்டும் பஹார்பூரும் 1985இலும், சுந்தரவனத்தின் வங்கதேசப் பகுதி 1997இலும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

சுடுமண் கலையின் உச்சத்தைத் தினாஜ்பூர் அருகே காந்தஜீ கோயிலில் காணலாம். 1752இல் முடிந்த இந்தக் கண்ணன் கோயிலின் சுவரில் வெறுமையான இடம் தேடினாலும் கிடைக்காது. இராமாயண, பாரதக் காட்சிகளுக்குக் கீழே வேட்டைக்குப் போகும் முகலாயப் பிரபுக்களும் படகில் செல்லும் மனிதர்களும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். ஒன்பது கோபுரங்கள் 1897 நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டன, சுவர்கள் தப்பின.

ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளும் காக்ஸ் பஜார் கடற்கரைக்கும் ஸ்ரீமங்கல் தேயிலைத் தோட்டங்களுக்கும் கூட்டம் தானாகவே வரும். கவலையெல்லாம் பழைய செங்கற்களைப் பற்றியதுதான். மண்ணிலும் காற்றிலும் உள்ள உப்பு பாகேர்ஹாட் சுவர்களை அரிக்கிறது.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை பயணத்துக்கு ஏற்ற காலம். சில நாட்களே கையில் இருந்தால் குல்னா நகருக்குப் போவது நல்லது. பாகேர்ஹாட் அங்கிருந்து பக்கம். சுந்தரவனத்துக்குப் படகுகளும் அங்கிருந்தே புறப்படுகின்றன. காட்டுக்குள் செல்ல வனத்துறை அனுமதி தேவை.