ஓயாத எஞ்சின்கள் – 11: கொலைகார முளை

பழைய டாட்ஜ் ரேம் பிக்அப்பில் உட்கார்ந்திருக்கும் கம்மின்ஸ் டீசல் எஞ்சினின் எடை ஏறத்தாழ 500 கிலோ. பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர். டைமிங் பெல்ட் கிடையாது, செயினும் கிடையாது. கேம்ஷாஃப்ட், டீசல் பம்ப் எல்லாம் பற்சக்கரத்தில்தான் சுழல்கின்றன. ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை விற்கிற அமெரிக்கர், அந்தக் கணக்கை ஒளிக்காமல் விளம்பரத்திலேயே பெருமையாகப் போடுவார். அப்பேர்ப்பட்ட எஞ்சினைச் சாய்க்க, சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஓர் எஃகு முளை போதும்.

எஞ்சினின் முன்பக்கம் பற்சக்கரங்களைச் சுற்றி ஓர் அலுமினியக் கூடு இருக்கிறது. அதை பிளாக்கோடு இம்மி பிசகாமல் பொருத்துவதற்காக அடித்து இறக்கியது இந்த முளை. பட்டறை மொழியில் டவல் பின். அடித்ததோடு சரி, அதைப் பிடித்து வைக்கத் தகடோ போல்ட்டோ கிடையாது. டீசல் எஞ்சினின் அதிர்வில் அது வருஷக்கணக்காக மயிரிழை மயிரிழையாக வெளியே நகர்கிறது. ஒருநாள் பற்சக்கரங்களின் மேல் விழுகிறது. நல்ல நேரமாக இருந்தால் எதிலும் சிக்காமல் ஆயில் சம்ப்பில் போய்ச் சேரும். இல்லாவிட்டால் கூடு உடைந்து ஆயில் கொட்டும். அதைவிட மோசமென்றால், பற்களுக்கு நடுவே மாட்டி, டைமிங் தவறி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். ‘கில்லர் டவல் பின்’ என்றே அமெரிக்க மெக்கானிக்குகள் இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1989 முதல் 1998 வரை வந்த 12 வால்வு எஞ்சின்கள் எல்லாவற்றிலும் இந்த அபாயம் உண்டு.

மருந்து என்னவோ சில்லறைக் காசுதான். ஃபேன், பெல்ட், கிராங்க் டேம்பர், முன்மூடி என்று வரிசையாகக் கழற்றியதும் முளை கண்ணுக்குத் தெரியும். சில வண்டிகளில் துளைக்குள் சமர்த்தாக இருக்கும். சிலவற்றில் பாதி வெளியே வந்து, முன்மூடியின் உட்புறத்தில் உரசிய தடம் பளபளவென்று தெரியும். சுத்தியலால் அதைத் தட்டி உள்ளே இறக்க வேண்டும். பக்கத்து போல்ட்டைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு சின்னத் தகட்டை வைத்துச் சற்றே நீளமான போல்ட்டால் முறுக்கினால், தகட்டின் நுனி முளையின் தலையை மறித்து நிற்கும். தகடு இல்லாதவர்கள் துளையின் விளிம்பை சென்டர் பஞ்சால் நாலு இடத்தில் நசுக்கிவிடுவதும் உண்டு. அதே கையோடு கூட்டின் போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, லாக்டைட் தடவி இறுக்குவது விவரமான மெக்கானிக்கின் பழக்கம். அவையும் தளரக்கூடியவைதான். கிராங்க் ஆயில் சீலைப் புதிதாகப் போட்டு மூடிவிட்டால், அந்த எஞ்சினின் ஆயுசுக்கும் இந்தக் கவலை தீர்ந்தது.

இந்த எஞ்சின் பிக்அப்பில் வந்து உட்கார்ந்ததே ஒரு விசித்திரமான ஜோடிப்பொருத்தம். கம்மின்ஸின் பி வரிசை எஞ்சின், 1980களின் தொடக்கத்தில் கேஸ் நிறுவனத்தோடு சேர்ந்து விவசாய, கட்டுமான இயந்திரங்களுக்காக உருவானது. நாள் முழுக்க முழுச்சுமையில் இழுக்க வேண்டிய பிறவி. அதை க்ரைஸ்லர் 1989 மாடலில் தன் டாட்ஜ் பிக்அப்பில் இறக்கியபோது, அந்த வண்டியின் உடல் 1972இல் அறிமுகமான வடிவம்! பதினேழு வருஷப் பழைய கூண்டுக்குள் அன்றைய தேதியின் மிக முரட்டு எஞ்சின். குதிரைத்திறன் வெறும் 160. ஆனால் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தாலே, குறைந்த சுற்றிலேயே பெரிய டிரெய்லரை நகர்த்தும் முறுக்குவிசை அதனிடம் இருந்தது.

தமிழ்நாட்டு லாரிக்காரர்களுக்கு இந்த எஞ்சின் அந்நியம் அல்ல. 1993இல் டாடாவும் கம்மின்ஸும் கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய தொழிற்சாலையில் தயாரானதும் இதே 5.9 லிட்டர் குடும்பம்தான். 1613 டிசி, 2515 டிசி என்று டாடா லாரிகளின் முகப்பில் இருந்ததே, அந்த ‘சி’ கம்மின்ஸைக் குறிக்கும். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் பதினாறு டன், இருபத்தைந்து டன் வண்டியை இழுத்த எஞ்சின், அமெரிக்காவில் மூன்று டன் பிக்அப்பைத் தள்ளிக்கொண்டு போகிறது. அது நீண்ட ஆயுளோடு இருப்பதில் மாயமந்திரம் எதுவும் இல்லை. அதன் தகுதிக்கு அங்கே கொடுத்தது பாதி வேலை.

சுமை குறைவு என்பதற்காகப் பராமரிப்பை விட்டுவிட முடியாது. பத்து லிட்டருக்கு மேல் ஆயில் பிடிக்கும் எஞ்சின் இது. 15டபிள்யூ-40 டீசல் ஆயில் ஊற்றினால் போதும். டேப்பெட்டை மட்டும் பலர் மறந்துவிடுகிறார்கள். 12 வால்வு எஞ்சினில் ஆறு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஆறு சின்ன மூடிகள். எஞ்சின் ஆறியபிறகு அவற்றைக் கழற்றி, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். இன்டேக் வால்வில் 0.25 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் வால்வில் 0.51 மில்லிமீட்டர் இடைவெளி. தகடு வழவழவென்று ஓடினால் லூஸ், சிக்கினால் டைட். லேசாகப் பிடித்துப் பிடித்து வர வேண்டும். இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டாம், கையில் அந்த உணர்வு இருந்தால் போதும்.

காலையில் செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், பிறகு மௌனம். 1990களின் ரேம் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய வியாதி. வண்டியில் இரண்டு பேட்டரி இருக்கிறது. முதல் சந்தேகம் அவற்றின் மேல் விழும். இரண்டையும் புதிதாக வாங்கிப் போட்டும் அதே ‘டக்’. உண்மையில் தேய்ந்திருப்பது ஸ்டார்ட்டரின் சோலனாய்டுக்குள் இருக்கும் செப்பு கான்டாக்ட்டுகள். ஒவ்வொரு தடவை செல்ஃப் எடுக்கும்போதும் தீப்பொறி பறந்து, செம்பு ஒரு பக்கமாகக் கரைந்து பள்ளமாகிவிடுகிறது. ப்ளஞ்சர் வந்து மோதுகிறது, ஆனால் செம்பைத் தொடுவதில்லை. பின்மூடியின் திருகுகளைக் கழற்றிப் புதுச் செம்பை மாட்டினால் அதே ஸ்டார்ட்டர் இன்னும் பல வருஷம் உழைக்கும். இது தெரியாமல் முழு ஸ்டார்ட்டரையே மாற்றியவர்கள் ஏராளம்.

இன்னொரு வியாதி, ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் வெகுநேரம் செல்ஃப் அடித்த பிறகே கிளம்புவது. நம்மூர் மெக்கானிக் பார்த்த மாத்திரத்தில் “ஏர் எடுக்குதுங்க” என்பார். அங்கேயும் அதேதான். டாங்கிலிருந்து வரும் வழியிலும் திரும்பும் வழியிலும் உள்ள ரப்பர் ஹோஸ்கள் வயதாகி வெடிப்பு விடுகின்றன. டீசல் வெளியே ஒழுகுவதில்லை. காற்று உள்ளே போகிறது. 1994க்குப் பிந்தைய 12 வால்வு வண்டிகளில், டாங்கிலிருந்து டீசலை இழுத்து அனுப்பும் லிஃப்ட் பம்பின் மேலேயே கையால் அமுக்க ஒரு ரப்பர் பொத்தான் வைத்திருக்கிறார்கள். அமுக்கிவிட்டுச் செல்ஃப் அடித்ததும் உடனே கிளம்பினால், சந்தேகமே வேண்டாம், ஹோஸை மாற்ற வேண்டியதுதான்.

இனி பம்ப் விவகாரம். பழைய ரேம் பிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பது இங்கேதான்.

1994 முதல் 1998 வரை வந்தது பாஷ் பி7100 இன்லைன் பம்ப். முழுக்க மெக்கானிக்கல். சிலிண்டருக்கு ஒன்று வீதம் ஆறு ப்ளஞ்சர். அவற்றைத் தள்ளும் கேம் எஞ்சின் ஆயிலில் குளித்துக்கொண்டே சுழல்கிறது. 1998ஆம் ஆண்டின் பாதியில் புகைக் கட்டுப்பாடு இறுகியதும் கம்மின்ஸ் 24 வால்வுக்கு மாறியது. கூடவே விபி44 என்ற மின்னணு ரோட்டரி பம்ப் வந்தது. அதற்கு எஞ்சின் ஆயில் போவதில்லை. உயவுக்கும் டீசல், குளிர்ச்சிக்கும் டீசல். தலையில் மின்னணு அட்டை வேறு. அதன் சூட்டையும் ஓடுகிற டீசல்தான் தணிக்க வேண்டும்.

அந்த டீசலை அனுப்பவேண்டிய லிஃப்ட் பம்பைத்தான் கம்பெனி தப்பான இடத்தில் வைத்தது. டாங்க் வண்டியின் பின்னால். லிஃப்ட் பம்போ எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில், சூட்டுக்கும் அதிர்வுக்கும் நடுவில். தள்ளுவதற்காகச் செய்த மின்சார பம்ப், அவ்வளவு தூரம் உறிஞ்ச வேண்டியிருந்தது. அது சீக்கிரமே செத்தது. செத்ததை டிரைவரிடம் சொல்ல டேஷ்போர்டில் ஒரு முள்ளும் இல்லை. இதில் பெரிய கொடுமை, லிஃப்ட் பம்ப் செத்தபிறகும் வண்டி ஓடும்! விபி44 தானே டீசலை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி அரைப்பட்டினியில் ஓடி ஓடி, உள்ளே தேய்ந்து, ஒருநாள் பி0216 என்ற பழுதுக் குறியீட்டைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மாற்று விபி44க்கு ஆயிரம் டாலருக்கு மேல் அழ வேண்டும்.

விவரம் தெரிந்தவர்கள் வண்டி வாங்கியதும் செய்யும் முதல் வேலை, டீசல் பிரஷர் கேஜ் ஒன்றைக் கண்ணாடித் தூணோரம் பொருத்துவது. சுமையோடு ஏறும்போது முள் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால், டாங்குக்குப் பக்கத்தில் சேசிஸில் பொருத்துகிற வலுவான லிஃப்ட் பம்பாக மாற்றிவிட வேண்டும். 2006 முதல் அமெரிக்காவில் கந்தகம் மிகமிகக் குறைந்த டீசல் வந்தபிறகு, உயவுக்கென்று தனியாக ஒரு திரவத்தை டாங்கில் ஊற்றுகிறவர்களும் உண்டு. 24 வால்வு எஞ்சின் மட்டம் என்று 12 வால்வுக் கட்சியினர் பேசுவது அநியாயம். எஞ்சின் மேல் குறையில்லை. அதற்குச் சோறு போட்டவன் சரியில்லை.

நியாயமான குறை ஒன்றும் இருக்கிறது. ஏறத்தாழ 1999 முதல் 2001 வரை வந்த 24 வால்வு எஞ்சின்களில் சிலவற்றின் பிளாக் பக்கவாட்டில் 53 என்ற எண் வார்க்கப்பட்டிருக்கும். அந்த வார்ப்பில் தண்ணீர் ஓடும் பகுதியின் சுவர் மெலிசு. நீளவாக்கில் விரிசல் விட்டு, கூலன்ட் கசிய ஆரம்பிக்கும். வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும் என்பதால், மெட்டல் ஸ்டிட்சிங் செய்கிறார்கள்: விரிசலின் நெடுகத் துளை போட்டு, ஒன்றையொன்று கவ்வும் மரையாணிகளை வரிசையாக முறுக்கி, மேலே தேய்த்துச் சமப்படுத்துவது. வேலை சுத்தமாக இருந்தால் தாங்கும். வாங்கப் போகிறவர் கையில் டார்ச்சும் கண்ணாடியும் கொண்டுபோய் அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது உத்தமம்.

எஞ்சினைச் சுற்றியுள்ள வண்டியைப் பற்றி அதிகம் புகழ்வதற்கில்லை. 1990களின் பிற்பாதி ரேம்களின் டேஷ்போர்டு வெயிலில் அப்பளம்போல் நொறுங்கும். நான்கு சக்கர உந்துதல் உள்ள வண்டிகளில், முன் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் டிராக் பாரின் பந்துமூட்டு தேய்ந்துவிட்டால், நெடுஞ்சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் ஸ்டீயரிங் பேய்பிடித்ததுபோல் ஆடத் தொடங்கும். வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும். என்வி4500 கியர்பாக்ஸில் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட் கழன்று, அந்த ஒரு கியர் மட்டும் காணாமல் போகும். குறைந்த சுற்றில் ஐந்தாவதிலேயே இழுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது சீக்கிரம் வரும். பனிக்கு உப்பு தூவும் மாநிலங்களில் பிரேக் பைப்புகள் துருவேறி உளுத்துப்போகும்.

இதையெல்லாம் விடப் பெரிய எதிரி உடைமையாளரின் ஆசை. பி7100 பம்பில் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னத் தகட்டை நகர்த்தினாலோ மாற்றினாலோ போதும், குதிரைத்திறன் எகிறும்; கூடவே கரும்புகையும். எஞ்சின் தாங்கும். ஆனால் 47ஆர்ஈ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தாங்காது. மேட்டில் டிரெய்லரோடு ஏறும்போது எக்ஸாஸ்ட் வெப்பம் கட்டுமீறினால் அலுமினிய பிஸ்டன் உருகத் தொடங்கும். அந்த வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர் பொருத்தாமல் இந்தத் தகட்டில் கைவைப்பது முட்டாள்தனம். புகைக் கட்டுப்பாட்டு அமைப்பைக் கெடுப்பது அங்கே மத்திய சட்டப்படி குற்றமும்கூட. கலிஃபோர்னியாவில் 1997 மாடலுக்கும் அதற்கு முந்தைய மாடல் டீசல் வண்டிகளுக்கும் புகைச் சோதனையே இல்லை என்பதால், பலருக்கு அந்தப் பயமும் விட்டுப்போயிற்று.

பழைய ரேம் ஒன்றை வாங்க நினைப்பவர், எவ்வளவு ஓடியது என்று கேட்பதற்கு முன்னால் முளைக்குத் தகடு போட்டாயிற்றா, பம்பில் யாராவது கைவைத்தார்களா என்று கேட்க வேண்டும். இரண்டுக்கும் ஒழுங்கான பதில் இல்லையென்றால், இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியைவிட, ரசீதுகளோடு வரும் ஆறு லட்சம் கிலோமீட்டர் வண்டியே மேல். உடல் துருப்பிடித்துப் போன ரேமையும் அங்கே எளிதில் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவதில்லை. எஞ்சினைத் தூக்கி, ஃபோர்டு பிக்அப்பில் இறக்கிவிடுகிறார்கள். அதற்கான அடாப்டர் தகடுகள் கடையிலேயே தயாராகக் கிடைக்கின்றன.

(தொடரும்)