ஏகே என்றால் எந்த ஊர் ஏகே?

சிரியாவிலிருந்தோ ஏமனிலிருந்தோ ஒரு போர்ப்படம் வந்தால், அதிலிருக்கும் துப்பாக்கிக்கு நம் செய்தித்தாள்கள் வைக்கும் பெயர் ஒன்றே ஒன்றுதான்: ஏகே 47. பெரும்பாலும் அது தவறு. மிகாயில் கலாஷ்னிகோவ் வடிவமைத்த துப்பாக்கியைச் செய்யும் வித்தையைச் சோவியத் யூனியன் அன்றைய தோழமை நாடுகளுக்குக் கற்றுக்கொடுத்தது. சீனா, போலந்து, ருமேனியா, பல்கேரியா என்று ஒவ்வொன்றும் தன் ஆலையில், தன் வசதிக்கேற்ற சிறு மாறுதல்களோடு செய்தது. அந்த மாறுதல்களைப் படிக்கத் தெரிந்தால், கைபேசியில் எடுத்த மங்கலான படத்திலும் துப்பாக்கியின் பிறந்த ஊரைச் சொல்லிவிடலாம். உதாரணத்துக்குப் பல்கேரியாவின் துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம்.

அது பிறப்பது காசன்லக்கில். ரோஜா எண்ணெய்க்குப் பேர்போன பள்ளத்தாக்கில் இருக்கும் நகரம் அது. 1878-இல் ரூசே நகரில் தொடங்கி, 1924-இல் இங்கே இடம்பெயர்ந்த ஆர்சனல் என்ற ஆலை, கம்யூனிஸ்ட் ஆட்சியில் 10-ஆம் எண் ஆலையாக இருந்தது. வட்டத்துக்குள் 10 என்ற முத்திரை அதன் அடையாளம். படத்தில் அது தெரிந்தால் வேலை முடிந்தது. ஆனால் அது துப்பாக்கியின் இடப்பக்கத்தில் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். போராளிகள் நமக்காக அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டிக்கொண்டு நிற்பதில்லை.

அதனால் பார்க்கவேண்டியது ரிசீவரை. குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே, இயங்கு பாகங்களைத் தாங்கும் பெட்டி அது. 1959-இல் வந்த ஏகேஎம் ரகத்தில் சோவியத் ஆலைகள் இதை மெல்லிய எஃகுத் தகட்டைப் பிரஸ்ஸில் அழுத்தி மடித்துச் செய்யத் தொடங்கின. எடை குறைந்தது, செலவும் குறைந்தது. மற்ற நாடுகளும் பெரும்பாலும் அதே வழிக்குப் போயின. காசன்லக்கோ எஃகுக் கட்டியை மில்லிங் எந்திரத்தில் குடைந்தெடுக்கும் பழைய முறையை விடவில்லை. செலவு பிடித்த பிடிவாதம்தான். ஆனாலும் கெட்டியான துப்பாக்கி என்ற பெயர் அதற்கு அதனால்தான் கிடைத்தது.

படத்தில் இதைக் கண்டுபிடிக்க மேகசின் செருகும் இடத்துக்குச் சற்று மேலே பாருங்கள். தகட்டு ரிசீவர் என்றால் அங்கே விரல்நுனி அளவில் ஒரு சிறு குழிவு இருக்கும். முன்னும் பின்னும் ரிவெட் தலைகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். குடைந்த ரிசீவரில் ரிவெட் வரிசை இராது. எடையைக் குறைக்கச் சீவிய நீள்செவ்வகப் பள்ளம் ஒன்று மேகசினுக்கு மேலே ஓடும்.

பள்ளம் இருந்தால் மட்டும் போதாது. 1950-களின் சோவியத், சீனத் துப்பாக்கிகளிலும் அது உண்டு. அவை மரக்கட்டை பொருத்திய பழைய சரக்கு. பள்ளமும் இருக்கிறது, பின்கட்டையும் முன்பிடியும் கறுப்புப் பிளாஸ்டிக்கில் இருக்கின்றன, குழல் முனையில் பிந்தைய ரகமான ஏகே 74-இன் பாணியில் தடித்த உருளை ஒன்றும் இருக்கிறது என்றால், ஆர்சனலின் ஏஆர்-எம்1 என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். ‘ஓரளவு’ என்பதற்குக் காரணம், கட்டையும் பிடியும் கழற்றி மாட்டக்கூடியவை. சந்தையில் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். ரிசீவரை நம்பலாம், மேலே போட்டிருப்பதை நம்பக்கூடாது.

வலப்பக்கம் தெளிவாக இருந்தால், சுடும் முறையை மாற்றும் நெம்புகோலுக்கு அருகிலுள்ள எழுத்தைப் பார்க்கலாம். ஒற்றைக் குண்டு நிலைக்குச் சோவியத் துப்பாக்கியில் இரண்டெழுத்து உண்டு, முதலெழுத்து வட்டமானது. பழைய பல்கேரியத் துப்பாக்கியில் அதே இடத்தில் மூன்று கோடு நீட்டிய எழுத்து. அந்த நெம்புகோல் படத்தில் இடப்பக்கம் இருந்தால் அவசரப்படாதீர்கள், செல்ஃபியில் படம் இடவலமாகப் புரண்டிருக்கலாம்.

மற்ற நாட்டுச் சரக்கைத் தள்ளிவைப்பது இதைவிடச் சுலபம். முன்குறியைச் சுற்றி மூடிய வளையம் இருந்தால் சீனம். மேல் முன்பிடியில் மூன்று நீள்துளை இருந்தால் யூகோஸ்லாவியாவின் ஸஸ்தாவா, அல்லது அதன் வழிவந்த ஈராக்கின் தபுக். கீழ்முன்பிடியிலிருந்து மரக்கைப்பிடி ஒன்று தொங்கினால் அநேகமாக ருமேனியா.

இத்தனையும் சொல்வது துப்பாக்கி எங்கே செய்யப்பட்டது என்பதை மட்டுமே. யார் கொடுத்தார்கள் என்பது வேறு கேள்வி. படம் வெளியானவுடன் ‘பல்கேரியா ஆயுதம் அனுப்பியது’ என்று எழுதுபவர்கள் தாண்டிக் குதிக்கும் பள்ளம் இங்கேதான் இருக்கிறது. நடுவில் வாங்கியவர், விற்றவர், கைப்பற்றியவர், திருடியவர் என்று எத்தனையோ பேர் இருக்கலாம். அதை அவிழ்க்க வரிசை எண் வேண்டும். அந்த எண்ணை வைத்து, செய்த நாட்டிடம் முதலில் யாருக்கு விற்றீர்கள் என்று கேட்கவேண்டும்.

கான்ஃப்ளிக்ட் ஆர்மமென்ட் ரிசர்ச் என்ற அமைப்பின் ஆட்கள் 2014 முதல் 2017 வரை ஈராக்கிலும் சிரியாவிலும் களத்துக்கே போய், ஐஎஸ் அமைப்பிடமிருந்து கைப்பற்றப்பட்ட ஆயுதங்களையும் தோட்டாக்களையும் கையில் எடுத்து எண் குறித்தார்கள். 40,000-க்கும் மேற்பட்ட பொருட்கள். கிழக்கு ஐரோப்பிய நாடுகள் அமெரிக்காவுக்கும் சவூதி அரேபியாவுக்கும் விற்ற சரக்கும் அதில் இருந்தது. வேறு யாருக்கும் மாற்றித் தரமாட்டோம் என்ற உறுதிமொழியை மீறி, சிரிய எதிரணிக் குழுக்கள் வழியாக அது ஐஎஸ் கைக்குப் போயிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் செய்து அமெரிக்காவுக்கு விற்கப்பட்ட ஒரு பீரங்கிவண்டி எதிர்ப்பு ஏவுகணை, ஆலையைவிட்டுக் கிளம்பி இரண்டே மாதத்துக்குள் ஈராக்கில் ஐஎஸ் போராளிகளிடம் இருந்தது.