உங்களுக்குத் தெரியுமா? நடை மட்டும் போதாது!

ஹைதராபாத்தில், மயில்கள் உலவும் கே.பி.ஆர். தேசியப் பூங்காவைச் சுற்றி விடிகாலையில் நடப்பவர்களில் நரைத்த தலைகள் ஏராளம். நல்லதுதான். ஆனால் 65 வயதைத் தொட்டவர்களுக்கு நடை மட்டும் போதாது என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி. வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, கீழே விழாமலிருக்க, சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியும் வாரத்தில் 3 நாளாவது வேண்டுமாம்.

அதற்கு ஜிம் தேவையில்லை. கனமான நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கலாம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, மறுபடி உட்காரலாம். புதியவர்களுக்கு முதலில் 10 நிமிட நடையே போதும், பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில். (பேச்சுத்துணை கிடைத்தால் அது தானாகவே அரை மணியாகிவிடும்!) இதய நோய், சர்க்கரை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கவும். நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு உதவிக்கு ஆளைக் கூப்பிடுங்கள்.