பழைய அம்பாசடருக்கு டர்போ: காதால் வைக்கும் டைமிங் ஏன் இங்கே எடுபடாது?

பழைய சங்கரன்கோவில் வட்டத்து இளையரசனேந்தலில், பெரியப்பா வீட்டு வேப்பமரத்தடியில் 1974 மாடல் அம்பாசடர் மார்க் 2 ஒன்று நிற்கிறது. அதிலிருக்கும் 1,489 சிசி இன்ஜினை இறக்கிவிட்டு, கான்டெஸாவில் வந்த இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை ஏற்றணும், கூடவே ஒரு டர்போவும் மாட்டணும். இதுதான் பெரியப்பா மகனின் பல நாள் கனவு. "இன்ஜின் மாத்துறதுதான் வேலை தம்பி. டைமிங்கை கோவில்பட்டில ஏதாவது பட்டறையில வச்சுக்கலாம்" என்றார் அண்ணன்.

அந்தக் கடைசி வரியில்தான் சிக்கலே இருக்கு.

இன்ஜின் மாற்றுவது அம்பாசடருக்குப் புதுசு இல்லை. 1990-களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸே இந்த இசுசு இன்ஜினை அம்பாசடரில் வைத்து விற்றது. கான்டெஸாவில் டர்போவும் வந்தது. ஆனால் அது டீசல். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, ஆகவே இக்னிஷன் டைமிங் என்ற பேச்சுக்கும் இடமில்லை. இந்தப் பெட்ரோல் இன்ஜினுக்கு டர்போ மாட்டினால் எத்தனை டிகிரி வைக்க வேண்டும் என்று சொல்ல கம்பெனி புத்தகம் எதுவும் இல்லை. நாமேதான் கண்டுபிடிக்கணும்.

இக்னிஷன் டைமிங்னா என்ன?

ஸ்பார்க் அடித்த உடனே பெட்ரோல் மொத்தமும் வெடித்துவிடாது. தீ பரவி எரிந்து முடிய, தோராயமாக 2 மில்லி விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 3,000 ஆர்பிஎம்-ல் கிராங்க் ஒரு விநாடிக்கு 18,000 டிகிரி சுற்றுகிறது. அந்த 2 மில்லி விநாடிக்குள் 36 டிகிரி தாண்டிவிடும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே ஸ்பார்க் கொடுக்கிறார்கள். இது அட்வான்ஸ். பிஸ்டன் உச்சியைத் தாண்டி சுமார் 15 டிகிரி இறங்கும்போது அழுத்தம் உச்சத்தில் இருந்தால் இழுவை நன்றாகக் கிடைக்கும்.

ஸ்பார்க் ரொம்ப முந்திவிட்டால், பிஸ்டன் ஏறிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து அழுத்தம் வரும். ஓரத்தில் இன்னும் எரியாமல் இருக்கும் கலவை, சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்ளும். இதுதான் 'நாக்கிங்'. தகர டப்பாவில் கோலிக்குண்டு உருட்டுவது போல ஒரு சத்தம்.

பழைய மெக்கானிக் அண்ணாச்சிகள் டைமிங் வைக்கும் முறை இந்தச் சத்தத்தை நம்பியது. டிஸ்ட்ரிபியூட்டரை லூஸ் பண்ணி, லேசாகத் திருப்பி, வண்டியை மேட்டில் ஏற்றிப் பார்ப்பார்கள். நாக்கிங் கேட்டால் கொஞ்சம் பின்னால் திருப்பி இறுக்கிவிடுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, சாதாரண அம்பாசடருக்கு இது போதும். 50 குதிரைத்திறன் அளவுள்ள இன்ஜின் லேசான நாக்கிங்கைத் தாங்கிக்கொள்ளும்.

டர்போ இன்ஜின் தாங்காது. பூஸ்ட் ஏறியிருக்கும்போது பலமான நாக்கிங் சில விநாடி நீடித்தாலே பிஸ்டனின் ரிங் தடம் உடையலாம், ஹெட் கேஸ்கெட் போகலாம். அதோடு சத்தம் கேட்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. நாக்கிங் சத்தம் பொதுவாக 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். டர்போ விசிலிலும் சைலன்சர் இரைச்சலிலும் அது அமுங்கிப்போகும். காதில் விழும்போது வேலை முடிந்திருக்கலாம்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்க. கரிசல் காட்டில் 40 டிகிரி வெயில். டர்போ 0.5 பார், அதாவது சுமார் 7 பி.எஸ்.ஐ அழுத்தம் கொடுக்கிறது என்றால், அழுத்தும்போதே காற்று சுமார் 100 டிகிரி வரை சூடாகிவிடும். இன்டர்கூலர் இல்லாமல் அந்தக் காற்றை அப்படியே இன்ஜினுக்குள் விடுவது நாக்கிங்குக்குப் பத்திரிகை வைத்து அழைப்பதுதான்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தெரியாத விஷயம்

பழைய டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தெரிந்தது இரண்டுதான். உள்ளே இருக்கும் எடைகள் வேகத்தைப் பார்த்து அட்வான்ஸைக் கூட்டும். பக்கத்தில் இருக்கும் வேக்குவம் டப்பா, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து ஓட்டும்போது இன்னும் கொஞ்சம் கூட்டும். பூஸ்ட் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பூஸ்ட் ஏறினால் கலவை அடர்த்தியாகி வேகமாக எரியும். அப்போது அட்வான்ஸைக் குறைக்க வேண்டும். எடைகளோ, ஆர்பிஎம் ஏறுதே என்று கூட்டிக்கொண்டே போகும்.

ஒரு பி.எஸ்.ஐ பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரி குறை என்பது டியூனர்களிடம் புழங்கும் ஆரம்பக் கணக்கு. ஆரம்பத்துக்கு மட்டும்தான். அதற்காக எல்லா நேரத்துக்கும் சேர்த்து டிஸ்ட்ரிபியூட்டரை 10 டிகிரி பின்னால் வைத்து ஓட்டினால், பூஸ்ட் இல்லாத நேரத்தில் வண்டி சோம்பேறியாகிவிடும். தீ தாமதமாக எரிந்து வெளியே போகும்போதும் சூடாகவே போவதால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிவக்கும், வால்வும் டர்போவும் அடிவாங்கும். ரிடார்ட் பண்ணினால் பத்திரம் என்ற நினைப்பு பாதிதான் சரி.

இதற்கு வழி, வேகத்தோடு அழுத்தத்தையும் பார்த்து ஸ்பார்க்கை முடிவு செய்யும் இசியு. மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்றவை இந்த வேலைக்குப் புழங்குகின்றன. கிராங்க் புல்லியில் பல்சக்கரமும் சென்சாரும், மேனிஃபோல்டில் அழுத்த சென்சாரும் வைக்க வேண்டும். பிறகு ஒரு அட்டவணை. உதாரணத்துக்கு, 3,000 ஆர்பிஎம்-ல் நிதானமாக ஓட்டும்போது 34 டிகிரி, பூஸ்ட் இல்லாமல் முழுசாக மிதித்தால் 26, அரை பார் பூஸ்ட்டில் 17. (இதை அப்படியே காப்பி பண்ணிடாதீங்க, புரிவதற்காகச் சொன்ன எண்கள்.)

அட்டவணைக்கு முன்னால் ஒரு வேலை உண்டு. அவசரத்தில் விட்டுப்போவதும் இதுதான். இன்ஜின் மாற்றும்போது புல்லியும் மூடியும் வேறு வண்டியிலிருந்து வந்திருந்தால், டைமிங் கோடு தப்பாக இருக்கலாம். முதல் சிலிண்டரின் உண்மையான உச்சியை அளந்து குறிக்கணும். அப்புறம் இசியுவில் 10 டிகிரி என்று பூட்டிவிட்டு, டைமிங் லைட் அடித்துப் பார்க்கணும். புல்லியிலும் 10 தெரிய வேண்டும். அங்கே 15 தெரிந்தால் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு எண்ணும் 5 டிகிரி பொய்.

பிறகு டைனோவில் ஏற்றி, குறைந்த பூஸ்ட்டில் தொடங்கி, ஒவ்வொரு டிகிரியாகக் கூட்ட வேண்டும். கூடவே நாக் சென்சார் வேணும். ஓட்டம் முடிந்ததும் பிளக்கைக் கழற்றிப் பாருங்க. வெள்ளை பீங்கானில் மினுமினுக்கும் பொடி ஒட்டியிருந்தால், அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்குகளில் வரும் இ20-க்கு ஆக்டேன் 95, முன்பு 91 என்கிறது மத்திய அரசு. நாக்கிங்குக்கு நல்லதுதான். ஆனால் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்றோடு ஒப்பிட எரிபொருள் அதிகம் வேண்டும். பழைய கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாமல் விட்டால் கலவை மெலிந்து, கிடைத்த நன்மை அங்கேயே கரைந்துவிடும்.

ஆர்.சி. புக் என்ன ஆகும்?

இதை அண்ணன் யோசிக்கவே இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்ற முடியாது. கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இன்னொரு இழப்பும் இருக்கு. 2021-ல் வந்த விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டி 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். அதற்கு சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பெரியப்பா வண்டிக்கு அந்த வயது வந்துவிட்டது.

இதையெல்லாம் சொன்னதும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ கழட்டின இன்ஜினைப் பத்திரமா வச்சுக்கிட்டா?" என்றார். பின்னாலிருந்து பெரியப்பா குரல் மட்டும் கேட்டது: "எலே, முதல்ல அதைக் கழட்டாம இரு."