எலும்புப்புரை மாத்திரை: எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?

போன மாசம் அம்மா போனில் கேட்டார்: "ஏண்டா, இந்த வார மாத்திரை தொடை எலும்பையே உடைச்சிடுமாமே? எதிர் வீட்டுப் பொண்ணு வாட்ஸ்அப்ல காட்டினா. ரெண்டு வாரமா நான் போடல."

அம்மாவுக்கு 71 வயது. ஒரு வருஷம் முன்னால் முதுகெலும்பில் முறிவு வந்தபிறகுதான் டாக்டர் அலெண்ட்ரோனேட் எழுதிக் கொடுத்தார். அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பொய் என்று தள்ளவும் முடியவில்லை. அது பாதி உண்மை. நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்துவிட்டு ப்ரோகிராம் எழுதுகிறவன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

நம் எலும்பு ரோடு மாதிரி. ஒரு வகை செல்கள் பழைய இடத்தைத் தோண்டும், இன்னொரு வகை புதிதாக நிரப்பும். வயதாக ஆக, முக்கியமாக மாதவிடாய் நின்றபிறகு, தோண்டுவது அதிகமாகி நிரப்புவது பின்தங்கும். அலெண்ட்ரோனேட் எலும்பில் ஒட்டிக்கொண்டு, தோண்டுகிற செல்களை அடக்கும். பலன் அங்கேதான் வருகிறது. சிக்கலும் அங்கேதான். தோண்டுவதே குறைந்தால் சின்னச் சின்ன விரிசல்கள் ரிப்பேர் ஆகாமல் தங்கிவிடலாம். தொடை எலும்பு முறிவுக்கு அதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

இப்போ கணக்கு. ஏற்கெனவே முதுகெலும்பு முறிவு உள்ள 2,027 பெண்களை வைத்துச் சுமார் 3 ஆண்டு நடந்த ஆய்வு, 1996-ல் லான்செட் இதழில் வந்தது. மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.2 சதவீதம் பேருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது, மருந்து சாப்பிட்டவர்களில் 1.1 சதவீதம். அறிகுறியோடு வெளியே தெரிந்த முதுகெலும்பு முறிவு 5 சதவீதத்திலிருந்து 2.3 ஆனது.

இடுப்பு முறிவை "பாதியாகக் குறைக்கும்" என்று சொல்லலாம். "நூறில் ஒருவருக்குத்தான் உதவும்" என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே எண்தான். விற்கிறவர் முதலாவதைச் சொல்வார், பயமுறுத்துகிறவர் இரண்டாவதைச் சொல்வார்.

ஆபத்தையும் இதே தராசில் வைக்க வேண்டும். கலிபோர்னியாவில் சுமார் 1,96,000 பெண்களைப் பார்த்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. அதன் மதிப்பீடு இது: 10,000 வெள்ளைக்காரப் பெண்கள் 3 ஆண்டு இந்த வகை மருந்து எடுத்தால் 149 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்படும், 2 பேருக்கு அந்த விசித்திரமான தொடை முறிவு வரும். ஆசியப் பெண்களில் 91 தவிர்க்கப்படும், 8 வரும். அதை அப்படியே நம்ம ஊர்க் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நமக்கு ஆபத்து இரண்டை விட எட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வது நல்லது. அப்போதும் 91 பெரிதுதான்.

மருந்து எடுக்கும் வருஷங்கள் கூடக்கூட இந்த ஆபத்து ஏறும், நிறுத்தினால் சீக்கிரம் இறங்கும். அதனால்தான் 3 முதல் 5 வருஷத்தில் டாக்டர்கள் மறுபடி பரிசோதித்து, சிலருக்கு இடைவெளி விடுகிறார்கள். நடுவில் தொடையிலோ கவட்டியிலோ காரணமில்லாத வலி வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். தாடை எலும்பு பாதிப்பும் உண்டு, அது அரிது. பல் பிடுங்கும் முன் பல் டாக்டரிடம் இந்த மருந்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

எலும்பு எதுவும் உடையாமல், ஸ்கேனில் அடர்த்தி லேசாக மட்டும் குறைந்தவருக்குப் பலன் சுருங்கிவிடும். அம்மாவின் கணக்கை அவருக்குப் போடக்கூடாது.

இன்னொரு எச்சரிக்கை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை போடும் டெனோசுமாப் ஊசியை நீங்களாக நிறுத்தவே கூடாது. அலெண்ட்ரோனேட் எலும்பில் வருஷக்கணக்கில் தங்கும், அந்த ஊசி தங்காது. தவறவிட்டால் அடர்த்தி மடமடவென்று இறங்கி, முதுகெலும்பில் ஒரே சமயத்தில் பல முறிவுகள் வந்திருக்கின்றன.

இதையெல்லாம் விளக்கிவிட்டு, "சரிம்மா, மாத்திரையை எப்படிப் போட்டுக்கறே?" என்றேன். "காலைல காபியோடதான்." தூக்கிவாரிப் போட்டது. வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் பச்சைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டிய மாத்திரை அது. படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகலாம். காபியோடு போட்டால் உடம்பில் சேருவது சுமார் 60 சதவீதம் குறையும். அதாவது இத்தனை நாள் பலனில் பெரும்பகுதி காபி தம்ளரிலேயே போயிருக்கிறது. அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை, நான் உட்பட.

டாக்டரைப் பார்த்தோம். எனக்குப் பலன் எவ்வளவு, எத்தனை வருஷம் போடணும், எப்போ நிறுத்துவது என்று மூன்று கேள்விகளை அம்மாவே கேட்டார். மாத்திரை தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் காபி அரை மணி தள்ளிப் போவதில்தான் அவருக்குக் கோபம்.