ஓட்டாதே... நிறுத்து!

'டிரெயின் ஓட்டுற கேம்ல என்ன த்ரில்? ஸ்டியரிங்கே கிடையாதே'னு சிரிக்கிற ஆளா நீங்க? அப்போ இது உங்களுக்குத்தான்.

மேலப்பாளையம் ஸ்டேஷன்ல நாகர்கோவில் பாசஞ்சர் வந்து நிக்கிறதை ஒருநாள் கவனிங்க. பிளாட்பாரத்துக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் போட ஆரம்பிச்சிருப்பாங்க. வேகம் ரெண்டு மடங்கானா, நிறுத்தத் தேவையான தூரம் கிட்டத்தட்ட நாலு மடங்கு! மழை பெஞ்சா சக்கரம் வேற வழுக்கும். கேமோட சூட்சுமமே இதுதான்: ஓட்டுறது ஈஸி, நிறுத்துறதுதான் வித்தை.

2001-ல 'மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர்' ஆறு ரூட்டோட வந்துச்சு. ஜப்பான் இருந்தது, ஆஸ்திரியா இருந்தது, நம்மூர் இல்லை. ஆனா கூடவே எடிட்டர் கொடுத்தாங்க பாருங்க, அதுதான் ஜாக்பாட். தண்டவாளம் போடலாம், மழையை வரவைக்கலாம், டைம்டேபிள் எழுதலாம். அந்தப் பழைய ரூட்களை 'ஓப்பன் ரெயில்ஸ்'ங்கிற இலவச மென்பொருள்ல இன்னிக்கும் ஓட்டலாம். (சென்னைக் கம்பெனி ஒண்ணு 2016-ல 'இந்தியன் டிரெயின் சிமுலேட்டர்'னு மொபைலுக்கே கொண்டு வந்தது. சும்மா ஓட்டிப் பார்க்க அது போதும்.)

சரி, எதை சீனாரியோ ஆக்குறது? நம்ம தாமிரபரணிக் கரையிலேயே ஒண்ணு இருக்கு. 2023 டிசம்பர் 17, ராத்திரி. திருச்செந்தூர்ல கிளம்பின செந்தூர் எக்ஸ்பிரஸ்ல சுமார் 800 பேர். காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை! வண்டியை ஸ்ரீவைகுண்டத்துல நிறுத்திட்டாங்க. அடுத்து தாதன்குளம் பக்கம் ஜல்லியை வெள்ளம் அடிச்சிட்டுப் போய், தண்டவாளம் அந்தரத்துல தொங்கிக்கிட்டிருந்தது. சுத்திலும் தண்ணி. 19-ம் தேதிதான் கடைசி ஆள் வரைக்கும் மீட்டாங்க. அன்னிக்கு அந்த வண்டி நிக்காம போயிருந்தா? நினைச்சாலே பக்குன்னு இருக்குல்ல!

வழக்கமா சீனாரியோல லேட்டானா மார்க் போகும். இதுல தலைகீழா வையுங்க. ஆழ்வார்திருநகரியில ஆரம்பம். இருட்டு, கொட்டுற மழை, சென்னைக்கு டைம் ஆகுதுங்கிற டென்ஷன். ஸ்ரீவைகுண்டத்துல சிவப்பு. அவ்ளோதான். முக்கியமா, சேதமான தண்டவாளத்தைத் திரையில காட்டிடாதீங்க. நிஜத்துலயும் ஸ்டேஷன்ல நின்னவங்க கண்ணுக்கு அது தெரியலையே!

டெஸ்ட் பண்ண ஃப்ரெண்டைக் கூப்பிடுங்க. பத்து நிமிஷம் சிவப்பையே பார்த்துட்டு, 'மாப்ள, கேம் ஹேங் ஆயிடுச்சாடா?'னு கேப்பான். வாயே திறக்காதீங்க. அவன் கை எந்த லீவருக்குப் போகுதுன்னு மட்டும் பாருங்க!