பனி கொட்டாத குளிர்மலை

பனிச்சறுக்கு விளையாட குல்மார்க், அவுலி என்று போகிறவர்கள் போகட்டும். 1956 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகாலுக்குப் பக்கத்திலேயே ஒரு குளிர்மலை உண்டு: பிளிகிரிரங்கன் மலை. முகடுகள் 1,800 மீட்டர் வரை உயரும்; மார்கழி, தை விடியலில் ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாது!

மலைக்காட்டுக்குள் இருக்கும் கே.குடியில் காலையும் மாலையும் ஜீப்பில் காடு சுற்றலாம். யானை, காட்டெருமை தென்படலாம். புலி கண்ணில் படுவது அவரவர் அதிர்ஷ்டம். மலைமேல் ரங்கநாதருக்குக் காணிக்கை என்ன தெரியுமா? பெரிய தோல் செருப்பு! சுவாமி காடெல்லாம் நடந்தே தேய்த்துவிடுகிறாராம். இம்மலையின் பழங்குடிகளான சோலிகர்கள் தெய்வமாக வணங்கும் மிகப் பழைய செண்பக மரமும் இந்தக் காட்டில்தான் நிற்கிறது.

சூடான மோமோ வேண்டுமா? வேறு திசையில், ஒடேயர்பாளையத்துத் திபெத்தியர் குடியிருப்புக்குப் போங்கள். ஒன்று மட்டும் கவனம்: மலையின் வனச் சாலையில் இரவில் வண்டி விடமாட்டார்கள். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள்.